அணைக்காதே

மூன்று நாளாகப் பேச்சில்லை.
நான்காம் நாள் இரவு பதினொன்றே காலுக்கு
அறவாழி தன் போனைச் சாப்பாட்டு மேசையில்
கவிழ்த்து வைக்காமல்
நிமிர்த்தி வைத்தான்.

கம்பெனியின் பெயர் வருகிறது, அணைகிறது,
வருகிறது, அணைகிறது,
விக்கல் எடுத்தவன் தன் பெயரைச்
சொல்லப் பார்ப்பதுபோல.

"அப்டேட் பாதியில நின்னுடுச்சு"
என்று சுவரிடம் சொன்னான்.
"நாலு மணிக்கு அலாரம் வேணும்"
என்று ஃப்ரிட்ஜிடம்.

சஸ்கட்டூனில் அன்று மைனஸ் முப்பத்தாறு.
கீழே ஒவ்வொரு காருக்கும் மூக்கிலிருந்து ஒரு வயர்.
உறைந்துவிடாதிருக்க
விடியும்வரை மின்சாரம் குடிக்கின்றன.
ரொட்டி ஆலையில் ஐந்து மணிக்கு
இவன் நிற்காவிட்டாலும் மாவு பொங்கிவிடும்.
அதற்கு யார் சண்டையும் தெரியாது.

லேப்டாப்பைத் திறந்து மாடல் எண்ணைக் கேட்டேன்.
மூன்று நாளில் அவனிடம் நான் கேட்ட முதல் கேள்வி.
பின்பக்கத்துப் பொடி எழுத்தை விளக்கடியில் பிடித்து
ஒவ்வொன்றாய் வாசித்தான்.
ஓரிடத்தில் அது ஓ-வா சைபரா என்று தகராறு.
இதற்கு முந்தைய தகராறைவிடச் சுத்தமானது.

ஏழு ஜிபி.
ஆலையிலிருந்து வந்தபடியே, யார் கையும் படாத மென்பொருள்.
ஐம்பது நிமிடம் ஒரு நீலக் கோடு நகர்வதை
இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.
நடுவில் டீ போட்டான்.
என் டம்ளரில் சர்க்கரை இல்லை.
நான் நிறுத்தி இரண்டு வாரம்தான் ஆகிறது,
யாரிடமும் சொன்னதில்லை.

பதிப்பு எண்ணில் கடைசியிலிருந்து ஐந்தாம் எழுத்து,
அது போனில் இருப்பதைவிடச் சிறிதாயிருந்தால் ஏற்காது.
ஏறலாம், அதே படியில் நிற்கலாம்,
இறங்க விடாது.
உள்ளே ஏதோ ஓர் இழை
ஏற ஏற எரிந்துவிடுகிறதாம்.
"அப்ப பழையபடி ஆகவே ஆகாதா?" என்றான்.
போனைத்தான் கேட்கிறான் என்று வைத்துக்கொண்டு
"ஆகாது" என்றேன்.

ஒலி கூட்டவும் குறைக்கவும் உள்ள
இரண்டு பொத்தானையும் சேர்த்து அழுத்திக்கொண்டே
கேபிளைச் செருக வேண்டும்.
அவனுக்குக் கை போதவில்லை.
அவன் அழுத்த, நான் செருகினேன்.
பச்சையும் நீலமுமாய் ஒரு திரை எழுந்தது,
நடுவில் ஆங்கிலத்தில் ஒரு வரி.
அவன் பக்கத்திலிருந்து அது தலைகீழ்.
"என்ன போட்டிருக்கு?"
"அணைக்காதே."

சொல்லி முடித்தபின்தான்
சொல் என் வாயில் இரண்டாகப் பிளந்தது.
அவனுக்கும் கேட்டிருக்க வேண்டும்,
காலி டம்ளருக்குள் எதையோ தேடினான்.
விளக்குக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று என்று
இந்த மொழி
தனித்தனிச் சொல் வைத்திருக்கக் கூடாதா?

நான்கு கட்டம், நான்கு கோப்பு.
கடைசிக் கட்டத்துக்கு மட்டும் இரண்டில் ஒன்று.
ஒன்று எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத் தொடங்கும்.
மற்றதன் பெயரிலேயே வீடு என்றிருக்கிறது,
சாமானை நகர்த்தாமல் தரையை மட்டும் மாற்றும்.

சண்டையின் முதல் நாள்
அவன் அண்ணனுக்கு அனுப்பிய நாலரை நிமிடக் குரல்
அந்தப் போனில்தான் இருக்கிறது.
குளியலறைக் கதவு வழியே பாதி கேட்டிருந்தேன்.
அம்புக்குறி முதல் கோப்பின் மேல்
கொஞ்ச நேரம் நின்றது.
ஒரே ஒரு கிளிக். பழி போனின் மேல் போய்விடும்.

வீட்டையே தேர்ந்தேன்.
பெருந்தன்மை ஒன்றுமில்லை.
பாலத்துப் பனியில் நான் வழுக்கி விழுந்து
எழ முடியாமல் சிரிக்கும் வீடியோவும் அதில்தான்.
என்னிடம் காப்பி இல்லை.

பச்சை விழுந்தது.
பெயர் வந்தது. அணையவில்லை.
முதல் தடவை நேரமெடுக்கும், தொடாதே என்றேன்.
தொடாமல் இருந்தோம்.

ஒன்றே முக்காலுக்குப் பூட்டுத்திரை.
அலாரங்கள் அப்படியே,
நாலு, நாலு ஐந்து, நாலு எட்டு.
கடைசியாக நாலரைக்கு ஒன்று,
அதற்கு அவன் வைத்திருந்த பெயர்:
கதவை மெதுவாச் சாத்து.

நான் அதைப் படிக்காதவள்போல
கேபிளைச் சுருட்டத் தொடங்கினேன்.
சின்னக் கேபிள்தான்.
நெடுநேரம் சுருட்டினேன்.